சல்லடைக்கும் ஓர் அகராதி வேண்டும்: பங்கு தேடும் கருவிகளின் கதை

இந்த முறை தலைப்பு கொஞ்சம் வறட்சிதான். பங்குச்சந்தை, அதிலும் ஸ்டாக் ஸ்க்ரீனர், அதிலும் அந்த ஸ்க்ரீனரை ஏ.ஐ. ஏஜென்ட்டுகள் பயன்படுத்துவதற்காக எழுதப்படும் விளக்கக் குறிப்பு. ஓடிடாதீங்க :-) எங்க ஊர் திருத்தணியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் நம்ம எல்லாருக்கும் தெரியும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்ததும் தெரியும். ஆனா நடுவில் நடந்த காகித வேலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எல்லைத் தகராறைத் தீர்க்க எச்.வி. படாஸ்கர் என்பவர் நடுவராக வந்தார். அவர் கையில் எடுத்த அளவுகோல்கள் எளிமையானவை. கிராமம்தான் அலகு. நிலம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். எந்த மொழி பேசுபவர்கள் பெரும்பான்மை என்று மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்க வேண்டும். கிராமங்களின் பட்டியலை எடுத்து இந்த நிபந்தனைகளைப் போட்டுச் சலித்தால் இந்தப் பக்கம் சில, அந்தப் பக்கம் சில என்று பிரியும்.

இதை ஒரு சல்லடை என்று பார்த்தால், எல்லாமே அந்தச் சொற்களின் பொருளில்தான் இருக்கிறது என்பது புரியும். கிராமத்துக்குப் பதில் தாலுகாவை அலகாக வைத்திருந்தால் கோடு வேறு இடத்தில் விழுந்திருக்கும். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ் என்று வாழும் குடும்பத்தைக் கணக்கெடுப்பவர் எந்தக் கட்டத்தில் போடுவார்? (எங்க ஊர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்னு பாருங்க, கேள்வி எவ்வளவு கஷ்டம்னு தெரியும்.) பட்டியலைப் படிப்பவருக்கு எண் மட்டும்தான் தெரியும். அந்த எண் எப்படி வந்தது என்பதைத் தலைப்பில் உள்ள ஒரு சொல்தான் தாங்கி நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஸ்டாக் ஸ்க்ரீனர் என்பதும் இதே வேலைதான், கிராமத்துக்குப் பதில் கம்பெனி. இந்தியச் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அத்தனையின் கணக்கையும் ஒரு ஆள் படிக்க முடியாது. அதனால் “சந்தை மதிப்பு 500க்கு மேல், பி.இ. விகிதம் 15க்குக் கீழ், ஆர்.ஓ.சி.இ. 22 சதவீதத்துக்கு மேல்” என்று நிபந்தனை எழுதினால், பொருந்துகிற கம்பெனிகளை மட்டும் கருவி காட்டும். (காமர்ஸ் எடுக்காத நண்பர்களுக்காக: பங்கின் விலையை, ஒரு பங்குக்கு வரும் ஆண்டு லாபத்தால் வகுத்தால் பி.இ. போட்ட மொத்த முதலுக்கு எத்தனை சதவீதம் சம்பாதிக்கிறது என்பது ஆர்.ஓ.சி.இ.)

இந்தச் சல்லடைக்கு முன்னால் புத்தகங்கள் இருந்தன. அமெரிக்காவில் ஹென்றி பூர் 1860இல் ரயில்வே, கால்வாய் கம்பெனிகளின் கணக்கைத் தொகுத்துப் புத்தகம் போட்டார். 1900இல் ஜான் மூடி தன் கையேட்டைக் கொண்டுவந்தார். நம்ம பக்கத்தில் கல்கத்தாவின் பிளேஸ், சிடன்ஸ் அண்ட் கஃப் என்ற தரகு நிறுவனம் முதலீட்டாளர்களுக்கான ஆண்டுப் புத்தகம் வெளியிட்டது. சென்னையில் கோத்தாரி அண்ட் சன்ஸ் ‘இன்வெஸ்டர்ஸ் என்சைக்ளோபீடியா’ என்று ஒன்று போட்டார்கள். அந்தக் காலச் சென்னைச் சந்தையே ஒரு தனிக்கதை. 1920இல் ஏறத்தாழ நூறு தரகர்களோடு தொடங்கி, 1923க்குள் மூன்று பேராகச் சுருங்கி மூடப்பட்டு, 1937இல் மறுபடி முளைத்தது. கடைசியில் 2015இல் செபி அனுமதியோடு கதவைச் சாத்தியது. அதைப் பற்றி இன்னொரு நாள்.

புத்தகத்தை வைத்துச் சல்லடை போட்ட ஆட்களில் பெரிய பெயர் பெஞ்சமின் கிரகாம். டேவிட் டாடுடன் சேர்ந்து 1934இல் ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’, பிறகு 1949இல் ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ எழுதியவர். இரண்டாவது புத்தகத்தின் 1973ஆம் ஆண்டுப் பதிப்பில், ரிஸ்க் எடுக்க விரும்பாதவர்களுக்கு ஏழு நிபந்தனைகள் சொல்கிறார். அதில் ஒன்று, விலையானது லாபத்தைப் போல 15 மடங்குக்கு மேல் போகக்கூடாது என்பது. எந்த லாபம்? கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபம்! இன்றைக்கு இணையத்தில் எங்கு பார்த்தாலும் “பி.இ. 15க்குக் கீழ்” என்ற வரி கிடைக்கும். அதில் பெரும்பாலும் கடைசி நான்கு காலாண்டு லாபத்தைத்தான் கருவி எடுத்துக்கொள்கிறது. 15 என்ற எண் அரை நூற்றாண்டு தாண்டி வந்துவிட்டது, ‘மூன்று ஆண்டுச் சராசரி’ வழியில் எங்கோ விழுந்துவிட்டது. ஒரு வருஷம் நிலத்தை விற்று அதிர்ஷ்டவசமாக லாபம் காட்டிய கம்பெனியைத் தள்ளுவதற்காகத்தான் அந்தச் சராசரி இருந்தது. இப்போது அதே கம்பெனி சல்லடையில் ஜம்மென்று மேலே நிற்கும்.

கம்ப்யூட்டர் வந்தது கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1962இல் கம்ப்யூஸ்டாட், கம்பெனிக் கணக்குகளைக் கணினி படிக்கும் வடிவத்தில் கொடுத்தது. 1993 முதல் 1996 வரை அமெரிக்கா படிப்படியாகத் தன் கம்பெனிகளை எட்கர் என்ற மின்னணு முறைக்கு மாற்றியது. இந்தியாவில் 1976இல் நரோத்தம் ஷா தொடங்கிய சி.எம்.ஐ.இ. பின்னாளில் ‘ப்ரோவெஸ்’ என்ற தரவுத்தளத்தைக் கட்டியது. 2002இல் செபி ‘எடிஃபார்’ தளத்தையும், 2007இல் பங்குச்சந்தைகள் ‘கார்ப்ஃபைலிங்’ தளத்தையும் கொண்டுவந்தன. 2011இல் கம்பெனி விவகார அமைச்சகம் குறிப்பிட்ட வகைக் கம்பெனிகள் எக்ஸ்.பி.ஆர்.எல். வடிவில் கணக்கு தர வேண்டும் என்றது.

இந்த எக்ஸ்.பி.ஆர்.எல். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். இதில் ஒவ்வொரு எண்ணின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: இது வருவாய், இது ரூபாயில், இது இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இது தனிக் கம்பெனியின் கணக்கு, அல்லது துணை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கு. அதாவது எண்ணும் அதன் பொருளும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன. மளிகைக் கடையில் பருப்பு டப்பா மேல் எழுதி ஒட்டுகிற மாதிரிதான். ஆனா இந்தத் தரவை எடுத்து ஸ்க்ரீனர் தளங்கள் அழகான அட்டவணையாகப் போடும்போது பாதிச் சீட்டு கிழிந்துவிடுகிறது.

அப்படிக் கிழிந்தும் இத்தனை வருஷம் எப்படி ஓடியது? பார்ப்பது மனுஷக் கண் என்பதால். மேலே சொன்ன “சந்தை மதிப்பு 500க்கு மேல்” என்பதையே எடுங்க. 500 என்ன? ரூபாயா, லட்சமா, கோடியா? நிபந்தனையில் எங்கேயும் இல்லை. அட்டவணைத் தலைப்பில் சின்னதாக ‘ரூ. கோடி’ என்று இருக்கும், நாம் பார்த்ததும் புரிந்துகொள்வோம். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியின் பி.இ. மைனஸில் வந்தால், மைனஸ் 8 என்பது 15ஐ விடக் குறைவு என்று கணக்கின்படி அது உள்ளே வந்துவிடும். நாம் சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவோம். வங்கிக்கு ஆர்.ஓ.சி.இ. பார்ப்பதில் அர்த்தமில்லை, ஏனென்றால் கடன் வாங்கிக் கடன் கொடுப்பதே அதன் தொழில். அனுபவம் உள்ளவர் அந்த வரியையே தாண்டிப் போவார். இந்தத் திருத்தமெல்லாம் எந்தக் குறிப்பிலும் எழுதப்படவில்லை, படிப்பவர் தலைக்குள் இருந்தது.

கண் ஏமாறியதும் உண்டு. பக்கத்து மாநிலத்துச் சம்பவம்தான், ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். சென்செக்ஸ், நிஃப்டி இரண்டிலும் இருந்த கம்பெனி, கைநிறைய ரொக்கம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பர் காலாண்டில் 2,700 கோடி என்று காட்டிய வருவாய் உண்மையில் 2,112 கோடி. 24 சதவீதம் என்று காட்டிய லாப விளிம்பு உண்மையில் 3 சதவீதம்.

இதில் சல்லடைக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க. அன்று ஒரே நாளில் பங்கு 179 ரூபாயிலிருந்து 40 ரூபாய்க்கு விழுந்தது. விலை உடனே மாறும். லாபமோ பழைய அறிக்கையில் வந்த பொய் லாபம், அப்படியே இருக்கும். அந்தப் பொய் லாபத்தால் வகுத்தால் பி.இ. 2க்கும் கீழே! ஆக, அன்று சாயங்காலம் “கடன் குறைவு, ரொக்கம் அதிகம், லாப விளிம்பு 20 சதவீதத்துக்கு மேல், பி.இ. 5க்குக் கீழ்” என்று தேடியிருந்தால் சத்யம் வந்து நின்றிருக்கும், அந்த நிபந்தனைப்படி நாட்டிலேயே மலிவான நல்ல கம்பெனிகளில் ஒன்றாக. சல்லடையில் கோளாறு இல்லை, கேட்டதைத்தான் கொடுத்திருக்கும். டிவி பார்த்த யாரும் அதை வாங்கக் கிளம்ப மாட்டார்கள் என்பதுதான் ஒரே பாதுகாப்பு.

இப்போது டிவி பார்க்காத ஒருத்தர் வந்திருக்கிறார்.

2023இல் மொழி மாதிரிகள் வெளிக் கருவிகளை அழைக்கும் வசதி பரவலானது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. ஏ.ஐ. ஏஜென்ட் எந்தக் கருவியோடும் ஒரே மாதிரி பேசுவதற்கான ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025இல் நம்ம ஊர் ஜெரோதா ‘கைட் எம்.சி.பி.’ கொண்டுவந்தது. பயனர் அனுமதித்தால், அவருடைய பங்கு இருப்பையும் சந்தை விலைகளையும் ஏஜென்ட் நேரடியாகக் கேட்டுப் பார்க்கலாம்.

இது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். ஏஜென்ட்டுக்கு ஸ்க்ரீன் கிடையாது. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்று சில வரி விளக்கம், என்னென்ன உள்ளீடு தரலாம் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதன் கையில் கொடுக்கப்படுகிறது. நாம் “நல்ல கம்பெனியா, கடன் இல்லாம, விலை கம்மியா பத்து சொல்லு” என்று கேட்டால், அந்தச் சில வரிகளைப் படித்துத்தான் அது நம் பேச்சை நிபந்தனையாக மொழிபெயர்க்கிறது. திரும்பி வருவதும் வெறும் எண்கள். சின்ன எழுத்தில் ‘ரூ. கோடி’ கிடையாது, சிவப்பு நிற மைனஸ் கிடையாது. முன்பு மனிதர் தலைக்குள் இருந்த திருத்தமெல்லாம் இப்போது அந்த விளக்கக் குறிப்பில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பொதுவாகப் படித்து வைத்ததிலிருந்து ஏஜென்ட் ஊகிக்க வேண்டியதுதான். அந்த ஊகத்தையும் அது தயங்காமல் சொல்லும், நாமும் நம்பிவிடுவோம்.

இந்த மாதிரிக் கருவிக் குறிப்புகளைச் சில நாளாகத் தேடிப் படித்தேன். “பங்குகளைத் தேட உதவும்” என்று ஒரே வரியில் முடித்தவர்கள் உண்டு. தேடல் முந்நூறு கம்பெனியைப் பிடிக்கும், கருவி முதல் ஐம்பதை மட்டும் அனுப்பும், அதுவும் அகர வரிசையில். அப்படி அனுப்பினோம் என்று எங்கும் சொல்லாவிட்டால், ஏஜென்ட் அந்த ஐம்பதிலிருந்து ‘சிறந்த பத்து’ பொறுக்கித் தரும். ‘ஏ’யில் ஆரம்பிக்கும் பெயர் வைத்த கம்பெனிகளுக்கு யோகம்தான் :-) இல்லாத ஒரு பத்தியின் பெயரை ஏஜென்ட் எழுதிவிட்டால், ‘அப்படி ஒன்று இல்லை’ என்று திட்டித் திருப்பி அனுப்புகிற கருவி நல்ல கருவி. சத்தம் போடாமல் அந்த நிபந்தனையை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் சலிக்கிற கருவி ஆபத்து. கடன் இல்லாத கம்பெனி என்று கேட்டவருக்கு, கடன் நிபந்தனையே இல்லாமல் சலித்த பட்டியல் போய்ச் சேரும்.

லாபம் என்ற ஒற்றைச் சொல்லுக்கே இந்தியாவில் எத்தனை சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது பாருங்க. பட்டியலிட்ட கம்பெனிகள் துணை நிறுவனங்களைச் சேர்த்த ஆண்டுக் கணக்கு தருவது 2001-02இலிருந்துதான். காலாண்டுக்கும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலிலிருந்து. ஆக ‘பத்து ஆண்டு காலாண்டு வளர்ச்சி’ என்று கேட்டால், பழைய காலாண்டில் தாய் மட்டும், புதிய காலாண்டில் தாயும் பிள்ளைகளும் என்று கலந்து வர வாய்ப்பிருக்கிறது. 2016 ஏப்ரலிலிருந்து பெரிய கம்பெனிகள் இந்திய கணக்கியல் தரநிலை என்ற புதிய முறைக்கு மாறின. 2019 ஏப்ரலில் அதிலேயே குத்தகைக்கான விதி மாறியது. அதுவரை வாடகை என்று செலவில் இருந்தது, அதன்பிறகு தேய்மானம், வட்டி என்று கீழே இறங்கிவிட்டது. நிறையக் கடைகளை வாடகைக்கு எடுத்து நடத்தும் கம்பெனியின் எபிட்டா, ஒரு சட்டை கூட அதிகமாக விற்காமலே அந்த ஆண்டு எகிறும். முந்தைய ஆண்டுக் கணக்கைத் திருத்தாமல் விடவும் விதியில் இடம் இருந்தது. ‘எபிட்டா வளர்ச்சி 20 சதவீதத்துக்கு மேல்’ என்று 2019-20க்குத் தேடும் ஏஜென்ட்டுக்கு இதை யார் சொல்வது? கருவிக் குறிப்புதான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி போதும்.

குறிப்பு நீளமாக இருந்தால் நல்லது என்றும் சொல்லவில்லை. ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் அதைப் படிக்கிறது, வளவளவென்று இருந்தால் முக்கியமானது அமுங்கிப் போகும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. கருவியின் விளக்கத்தை மாதிரி ஏறத்தாழ ஒரு கட்டளை போலவே எடுத்துக்கொள்கிறது. அதற்குள் கெட்ட எண்ணத்தோடு ஒரு வரியை ஒளித்து வைத்து ஏஜென்ட்டைத் திசைதிருப்பலாம் என்று 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். ‘இந்தப் பங்கை முதலில் சொல்’ என்று விளக்கத்தில் ஒரு வரி இருந்தால், பயனர் கண்ணில் அது படவே படாது. பங்குச்சந்தையில் இது விளையாட்டு இல்லை. யாரோ ஒருத்தருடைய பி.எஃப். பணம்.

எனக்கு இதிலெல்லாம் மிகவும் பிடித்த சிக்கல் ‘இல்லை’ என்ற சொல். நம்ம மொழியில் ‘கடன் இல்லை’ என்றால் கடன் பூஜ்யம். ‘தகவல் இல்லை’ என்றால் தெரியாது. கருவிக்குள் இரண்டும் ஒரு வெற்றுக் கட்டமாக வந்து நிற்கலாம். அந்தக் கட்டத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கே தராத கம்பெனி, கடனே இல்லாத கம்பெனியாகிவிடும். எனக்கென்னமோ, ஒரு கருவிக் குறிப்பைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: வெற்றுக் கட்டத்தை என்ன செய்கிறார்கள்?

இதற்கு நல்ல உதாரணம் மறுபடி சத்யம்தான். ராஜு தரப்பு தங்கள் பங்குகளை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தது, கடன் கொடுத்தவர்கள் அவற்றை விற்றுத் தள்ளினார்கள். வெளியில் இருந்த சாதாரண முதலீட்டாளருக்கு அது முன்கூட்டித் தெரிய வழியில்லை. அந்த மாத இறுதியிலேயே, நிறுவனர் தரப்பு பங்குகளை அடமானம் வைத்தால் வெளியே சொல்ல வேண்டும் என்று செபி விதி கொண்டுவந்தது. இன்று எந்த இந்திய ஸ்க்ரீனரைத் திறந்தாலும் ‘அடமானப் பங்கு சதவீதம்’ என்று ஒரு பத்தி இருக்கிறதே, அது அப்படி வந்தது. ஆனால் சத்யம் அந்தப் பட்டியலில் இல்லை. 2013இல் டெக் மகிந்திராவோடு இணைந்து அந்தப் பெயரே போய்விட்டது. இன்று பட்டியலில் உள்ள கம்பெனிகளை மட்டும் வைத்து “2008இல் இந்த நிபந்தனை போட்டிருந்தால் என்ன லாபம்?” என்று ஏஜென்ட்டைக் கேட்டால், சத்யத்தை வாங்கியவர் நஷ்டம் அந்தக் கணக்கில் வரவே வராது.

ஒரு கல்லூரி புராஜெக்ட்டுக்காக இப்படி ஒரு சின்னக் கருவிக்கு நானும் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். அடமானப் பத்திக்கு இப்போதைக்கு எழுதி வைத்திருப்பது இது: “நிறுவனர் தரப்புப் பங்குகளில் அடமானம் வைக்கப்பட்டவை, சதவீதத்தில். கடைசியாக வெளியான காலாண்டு நிலவரம். 2009க்கு முந்தைய தகவல் கிடையாது; வெற்றாக உள்ள இடத்தைப் பூஜ்யம் என்று கொள்ள வேண்டாம். இன்று பட்டியலில் இல்லாத கம்பெனிகள் இதில் சேராது. பழைய ஆண்டுகளுக்குச் சோதனை ஓட்டினால் இதைப் பயனரிடம் சொல்லவும்.”